எரிசக்திச் சிக்கன ஒப்பந்தம்: பின்லாந்தில் புதிதாகப் பொறுப்பேற்பவருக்கான வழிகாட்டி

பின்லாந்தில் ஒரு தொழிற்சாலையிலோ நகராட்சியிலோ எரிசக்திப் பொறுப்பாளராக உங்கள் பெயரைப் போட்டிருக்கிறார்கள் என்றால், மேசைக்கு முதலில் வரும் கோப்புகளில் ஒன்று அரசோடு செய்துகொண்ட விருப்ப ஒப்பந்தமாக இருக்கும். புரட்டிப் பார்த்தால் அபராதம், தண்டனை என்று எதுவும் தென்படாது. 'விருப்பம்தானே' என்று அதை அலமாரியில் வைத்துவிடுகிறவர்கள் பலர். பிப்ரவரி மாதக் கடைசிக்குள் போன ஆண்டின் அறிக்கையைத் தர வேண்டும் என்ற நினைவூட்டல் வரும்போதுதான், கையில் ஒரு எண்கூட இல்லை என்பது தெரியவரும். அந்த நிலை வராமல் இருக்க, முதல் நாளிலிருந்து என்ன செய்ய வேண்டும் என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

அதற்கு முன், விருப்ப ஒப்பந்தத்தை அரசு இவ்வளவு அக்கறையோடு நடத்துவது ஏன் என்று தெரிந்துகொள்வது நல்லது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2012-ஆம் ஆண்டு எரிசக்தித் திறன் நெறியாணை, ஒவ்வொரு உறுப்பு நாடும் ஆண்டுதோறும் புதிய சேமிப்பைக் கணக்குக் காட்ட வேண்டும் என்றது; அதன் இடத்துக்கு வந்த 2023-ஆம் ஆண்டு நெறியாணையும் அதையே கேட்கிறது. சில நாடுகள் அந்தச் சுமையை மின்சார, எரிவாயு நிறுவனங்களின் தலையில் சட்டமாகவே வைத்தன. பின்லாந்து மாற்று வழியைத் தேர்ந்தெடுத்தது. அதில் பெரிய பங்கு இந்த ஒப்பந்தங்களுக்கு. நீங்கள் அனுப்பும் அறிக்கையின் எண்கள் கூட்டப்பட்டு பிரஸ்ஸல்ஸ் வரை போகின்றன. ஒப்பந்தங்கள் போதிய சேமிப்பைத் தராவிட்டால் அடுத்து வரக்கூடியது கட்டாயச் சட்டம். தொழில் கூட்டமைப்புகளுக்கு இது நன்றாகத் தெரியும். தங்கள் உறுப்பினர்களை ஒப்பந்தத்தில் சேரச் சொல்லி அவை ஊக்குவிப்பதற்கு இதுவே காரணம்.

இந்த முறை 1997-இல் தொடங்கியது. பிறகு 2008–2016, 2017–2025 என இரண்டு சுற்றுகள் முடிந்தன. 2026–2035 சுற்று இப்போது நடப்பில் இருக்கிறது. அரசு தரப்பில் பொருளாதார விவகார, வேலைவாய்ப்பு அமைச்சகமும் எரிசக்தி ஆணையமும் இருக்கின்றன. அன்றாட நிர்வாகம், கணக்கு முறை, பயிற்சி எல்லாவற்றையும் 1993-இல் தொடங்கப்பட்ட மோட்டிவா என்ற அரசு நிறுவனம் பார்த்துக்கொள்கிறது. சந்தேகம் வந்தால் முதலில் கேட்க வேண்டிய இடமும் அதுதான்.

முதல் வேலை: நீங்கள் எந்தத் திட்டத்தில் இருக்கிறீர்கள்?

'ஒப்பந்தம்' என்று ஒருமையில் பேசினாலும் அதற்குள் பல கிளைகள் உண்டு. தொழில்துறைக்குள் ரசாயனம், உணவு, தொழில்நுட்பம், பிளாஸ்டிக், மரப்பொருள் என்று துறைவாரியாகத் தனித்தனி நடவடிக்கைத் திட்டங்கள். கடைகள், ஓட்டல்கள் தனி. வாடகைக் குடியிருப்புகளும் வணிகக் கட்டடங்களும் சொத்துத்துறைப் பிரிவில் வரும். நகராட்சிகளுக்கு 'கெட்ஸ்' என்ற ஒப்பந்தம். வீடுகளுக்குச் சூடாக்கும் எண்ணெய் விற்பவர்களுக்குக்கூட 2017–2025 சுற்றில் 'ஹோய்லா' என்று ஒன்று இருந்தது.

உங்கள் நிறுவனம் கையெழுத்திட்ட சேர்க்கைப் படிவத்தைத் தேடி எடுங்கள். அதில் மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: எந்த நடவடிக்கைத் திட்டம், எந்தெந்த வளாகங்கள் உள்ளே வருகின்றன, இலக்கு எத்தனை மெகாவாட் மணி (ஒரு மெகாவாட் மணி என்பது 1,000 கிலோவாட் மணி, அதாவது மின் பில்லின் 1,000 யூனிட்). நிறுவனம் இடையில் ஒரு கிளையை விற்றிருந்தாலோ நகராட்சி பக்கத்து ஊருடன் இணைந்திருந்தாலோ பழைய பட்டியல் இன்றைய நிலவரத்தோடு பொருந்தாது. அதை உடனே மோட்டிவாவிடம் சொல்லித் திருத்துவது, நாலு ஆண்டு கழித்து விளக்கம் எழுதுவதைவிட எளிது.

இலக்கு எப்படிக் கணக்கிடப்படுகிறது

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது என்பதால் நிதானமாகப் படியுங்கள்.

2017–2025 சுற்றில் நிறுவனங்களுக்கும் நகராட்சிகளுக்கும் பொதுவான இலக்கு 7.5 சதவீதம், 2020-க்குள் 4 சதவீதம் என்பது இடைக்கால இலக்கு. சேரும்போது காட்டிய ஆண்டுப் பயன்பாட்டில் இந்தச் சதவீதத்தைக் கணக்கிட்டு, மெகாவாட் மணியாக மாற்றி எழுதிவிடுவார்கள். ஓர் உதாரணம்: ஒரு நகராட்சியின் பள்ளிகள், நீச்சல் கூடம், தெருவிளக்கு, நீர் சுத்திகரிப்பு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 20,000 மெகாவாட் மணி என்றால் இலக்கு 1,500. நடப்புச் சுற்றுக்கு உங்கள் சேர்க்கைப் படிவத்தில் உள்ள எண்ணை வைத்து இதே கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்த 1,500 என்பது மொத்த மின்கட்டணமோ மொத்தப் பயன்பாடோ அவ்வளவு குறைய வேண்டும் என்று அர்த்தமல்ல. நீங்கள் செய்த ஒவ்வொரு வேலையும் ஆண்டுக்கு எவ்வளவு சேமிக்கிறது என்று தனித்தனியாகக் கணக்கிட்டு, சுற்று முடியும் ஆண்டில் இன்னும் பலன் தந்துகொண்டிருப்பவற்றைக் கூட்ட வேண்டும். அந்தக் கூட்டுத்தொகைதான் இலக்கோடு ஒப்பிடப்படும். தொழிற்சாலை உற்பத்தியை இரட்டிப்பாக்கி மொத்தப் பயன்பாடு ஏறினாலும் இலக்கை எட்ட முடியும். மாறாக ஒரு இயந்திர வரிசையை மூடியதால் பயன்பாடு சரிந்தது என்றால், அது சேமிப்பு ஆகாது.

இதிலிருந்து இரண்டு தவறுகள் அடிக்கடி முளைக்கின்றன. ஒன்று, ஆண்டுக்கு 400 மெகாவாட் மணி சேமிக்கும் வேலையை ஐந்து ஆண்டுகளும் மறுபடி மறுபடி எழுதி 2,000 என்று காட்டுவது. ஒப்பந்த இலக்குக்கு அது 400 மட்டுமே. மற்றொன்று, ஆயுள் முடிந்த வேலையைத் தொடர்ந்து கூட்டிக்கொண்டே போவது. குழாய்க்குப் போட்ட வெப்பக் காப்பு பல ஆண்டு நிற்கும். ஊழியர்களுக்குக் கொடுத்த ஒருநாள் பயிற்சியின் பலன் சீக்கிரமே கரைந்துவிடும்.

அடிப்படைக் கணக்கை எடுப்பது

கடந்த மூன்று ஆண்டுகளின் மின்சாரம், வெப்பம், எரிபொருள் பில்களைச் சேகரியுங்கள். எல்லாவற்றையும் மெகாவாட் மணிக்கு மாற்றுங்கள். லேசான சூடாக்கும் எண்ணெய் ஒரு லிட்டர் ஏறத்தாழ 10 கிலோவாட் மணி. இயற்கை எரிவாயு ஒரு கனமீட்டரும் சுமார் 10. ஊருக்குப் பொதுவான வெப்ப நிலையத்திலிருந்து குழாய்வழி வரும் வெந்நீரைப் பில்லில் 'கௌகோலாம்போ' என்று போட்டிருப்பார்கள். அது நேராகவே மெகாவாட் மணியில் இருக்கும்.

மின்சாரத்தைப் பொறுத்தவரை பின்லாந்தில் உங்களுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. மணிவாரியாக அளக்கும் மீட்டர்கள் பல ஆண்டுகளாகவே எங்கும் இருக்கின்றன. நாட்டின் மின்கடத்தல் நிறுவனமான ஃபின்கிரிட் 2022 பிப்ரவரியில் தொடங்கிய டேட்டாஹப் என்ற பொதுத் தரவு மையம் வழியாக உங்கள் இணைப்புகளின் அளவீட்டை எடுத்துக்கொள்ளலாம்.

நகராட்சிகளில் வழக்கமான சிக்கல், பள்ளி, நூலகம், சுகாதார நிலையம் மூன்றுக்கும் சேர்த்து ஒரே மீட்டர் இருப்பது. பரப்பளவை வைத்துப் பிரித்து எழுதிவிடத் தோன்றும். அப்படிச் செய்யாதீர்கள்; சமையலறையுள்ள பள்ளியும் புத்தகம் மட்டும் உள்ள நூலகமும் ஒரே விகிதத்தில் மின்சாரம் இழுப்பதில்லை. துணை மீட்டர் பொருத்துங்கள்.

வெப்பத்துக்கு வருவோம். குளிர்காலம் ஒவ்வொரு ஆண்டும் ஒரே மாதிரி இருக்காது. அதனால் பின்லாந்து வானிலை ஆய்வு மையம் ஊர்வாரியாக 'சூடாக்கத் தேவை எண்' வெளியிடுகிறது. உள்ளே 17 டிகிரி என்று வைத்து, வெளியே நாள் சராசரி அதற்கு எவ்வளவு கீழே இருந்தது என்பதை நாள்தோறும் கூட்டிய எண் அது. வசந்த காலத்தில் சராசரி 10 டிகிரிக்கு மேலும், இலையுதிர் காலத்தில் 12 டிகிரிக்கு மேலும் உள்ள நாட்களைச் சேர்ப்பதில்லை. கணக்கு எளிது: வெந்நீருக்குப் போகும் பங்கைத் தனியே எடுத்து வையுங்கள், மீதியை வழக்கமான ஆண்டின் எண்ணால் பெருக்கி, அந்த ஆண்டின் எண்ணால் வகுங்கள், பிறகு வெந்நீரைத் திரும்பக் கூட்டுங்கள்.

ஒரு பள்ளிக்கு ஆண்டு வெப்பம் 1,000 மெகாவாட் மணி, அதில் வெந்நீர் 150 என்று வையுங்கள். அந்த ஆண்டு குளிர் வழக்கத்தைவிட 10 சதவீதம் குறைவு. 850-ஐ 0.9-ஆல் வகுத்தால் 944. வெந்நீரையும் சேர்த்தால் 1,094. திருத்தாமல் விட்டிருந்தால் யாரும் விரல்கூட அசைக்காமல் 8.6 சதவீதச் சேமிப்பு வந்ததாகத் தெரிந்திருக்கும். ஒன்பது ஆண்டு இலக்கான 7.5 சதவீதத்தையே ஒரு மிதமான குளிர்காலம் தாண்டிவிடுகிறது! அடுத்த கடுங்குளிரில் இதே எண் உங்களுக்கு எதிராகத் திரும்பும்.

எங்கே வீணாகிறது என்று கண்டுபிடிப்பது

ஆலோசகரைக் கூப்பிடும் முன் நீங்களே செய்யக்கூடிய, செலவே இல்லாத ஒரு சோதனை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அதிகாலை 3 மணி மின்பயன்பாட்டைப் பாருங்கள். பள்ளியில் ஆளே இல்லாத நேரம். குளிர்பெட்டி, சர்வர், அவசர விளக்கு தவிர எதுவும் ஓடக் கூடாது. அங்கே 40 கிலோவாட் ஓடுகிறது என்றால் அது என்ன என்று கட்டடப் பராமரிப்பாளருடன் நடந்துபோய்ப் பாருங்கள்.

பெரும்பாலும் மூன்று இடங்களில் பிடிபடும். நேரக் கட்டுப்பாடு இல்லாமல் இரவெல்லாம் சுழலும் காற்றோட்ட விசிறி ஒன்று. வாகன நிறுத்தத்தில் காரின் எஞ்சினைச் சூடாக்க வைத்திருக்கும் மின்கம்பங்களில் டைமர் பழுதாகியிருப்பது இன்னொன்று. மூன்றாவதை யாரும் யோசிப்பதே இல்லை: கூரைத் தண்ணீர்க் குழாய் உறையாமல் இருக்கப் போட்ட சூடாக்கும் கம்பி. மீட்டருக்கு 20 வாட், நீளம் 200 மீட்டர் என்றால் 4 கிலோவாட். பனி உருகி உறையும் சில வாரங்களில், மொத்தம் 1,000 மணி நேரம் ஓடினால் போதும். தெர்மோஸ்டாட் பழுதானால் ஜூலை வெயிலிலும் ஓடிக்கொண்டிருக்கும். ஆண்டுக்கு 35,000 கிலோவாட் மணி. அதில் 31,000 முழு வீண். கூரைமேல் இருப்பதால் கண்ணில் படாது, சத்தமும் வராது. கோடையில் மின்பெட்டியில் அந்தச் சுற்றுக்கு மின்னோட்டம் போகிறதா என்று கிளாம்ப் மீட்டரால் ஒரு நிமிடம் பார்த்தால் தெரிந்துவிடும்.

இதற்குப் பிறகுதான் முறையான எரிசக்தித் தணிக்கை. பெரிய நிறுவனங்களுக்கு நான்கு ஆண்டுக்கு ஒருமுறை தணிக்கை 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டாயமாக்கப்பட்டது. அது ஒப்பந்தத்தோடு சம்பந்தமில்லாத கடமை. 2023-இல் திருத்தப்பட்ட ஐரோப்பிய நெறியாணை, எது பெரிய நிறுவனம் என்பதை ஊழியர் எண்ணிக்கை போன்றவற்றால் முடிவு செய்யும் பழைய முறையை விட்டுவிட்டு எரிசக்திப் பயன்பாட்டை அளவுகோலாக வைத்தது. ஆண்டுக்கு 10 டெராஜூல், அதாவது சுமார் 2,780 மெகாவாட் மணிக்கு மேல் என்றால் தணிக்கை. 85 டெராஜூலுக்கு மேல் என்றால் முழு எரிசக்தி மேலாண்மை முறை. இரண்டு கடமைகளையும் ஒரே தரவை வைத்து முடித்துக்கொள்ளுங்கள்.

எதைச் செய்வது

தொழிற்சாலை என்றால் முதலில் அழுத்தக் காற்று. இதைவிடச் சீக்கிரம் பலன் தருவது அரிது. சனிக்கிழமை இரவு எல்லா இயந்திரங்களையும் நிறுத்திவிட்டு கம்ப்ரஸரை மட்டும் ஓட விடுங்கள். காற்றை யாரும் பயன்படுத்தாதபோதும் அழுத்தம் குறையும், கம்ப்ரஸர் தானாகச் சுமை ஏறும், இறங்கும். கைக்கடிகாரத்தில் நேரம் குறியுங்கள். 2 நிமிடம் சுமையோடு, 6 நிமிடம் சுமையின்றி என்றால், எட்டில் இரண்டு பங்கு, அதாவது திறனில் 25 சதவீதம் கசிவு. 10 சதவீதத்துக்குக் கீழே இருப்பதுதான் நல்ல பராமரிப்பு. கம்ப்ரஸர் நிமிடத்துக்கு 10 கனமீட்டர் தருவது என்றால் 2.5 கனமீட்டர் கசிகிறது, நிமிடத்துக்கு ஒரு கனமீட்டர் தர 6.5 கிலோவாட் என்று வைத்தால் 16 கிலோவாட். ஆண்டு முழுவதும் குழாயில் அழுத்தம் இருந்தால் சுமார் 140 மெகாவாட் மணி. 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்றே 6 பார் அழுத்தத்தில் 3 கிலோவாட் தின்னும். கசிவை அடைத்த பிறகு அழுத்தத்தை ஒரு பார் இறக்க முடிகிறதா என்று பாருங்கள். இன்னும் 6 முதல் 7 சதவீதம் மிஞ்சும். ஆனால் ரப்பர் வளையங்கள் மறுபடி தேயும். ஆண்டுக்கு ஒருமுறையாவது இந்தச் சோதனையைத் திரும்பச் செய்யாவிட்டால் அந்த 140-ஐ அறிக்கையில் வைத்திருக்க உங்களுக்கு உரிமை இல்லை.

நகராட்சி என்றால் தெருவிளக்கு. பின்லாந்தில் தெருவிளக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 மணி நேரம் எரியும். சோக்கோடு சேர்த்து 170 வாட் இழுக்கும் சோடியம் விளக்குக்குப் பதிலாக 70 வாட் எல்இடி, ஆயிரம் கம்பங்கள் என்றால் ஆண்டுக்கு 400 மெகாவாட் மணி. மேலே சொன்ன நகராட்சியின் 1,500-இல் நாலில் ஒரு பங்குக்கும் மேல். பள்ளிக்குள்ளோ அலுவலகத்துக்குள்ளோ விளக்கு மாற்றும்போது கணக்கு இவ்வளவு நேரானதல்ல. பழைய விளக்கின் சூடு குளிர்காலத்தில் அறையை ஓரளவு சூடாக்கிக்கொண்டிருந்தது. அது போனதும் ரேடியேட்டர் அதிகம் ஓடும். மின்சாரத்தில் சேமித்ததைக் காட்டும்போது வெப்பத்தில் கூடியதையும் காட்டுவது நேர்மையான கணக்கு.

காற்றோட்டத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். நொடிக்கு 3 கனமீட்டர் காற்றை வெளியேற்றும் பள்ளியில், உள்ளுக்கும் வெளியேக்கும் 20 டிகிரி வித்தியாசம் என்றால் 72 கிலோவாட் வெப்பம் வெளியே போகிறது. இரவு 10 மணி நேரம், 200 நாட்கள் நிறுத்தினால் 144 மெகாவாட் மணி. வெளியேறும் காற்றின் சூட்டில் 60 சதவீதத்தை மீட்டு உள்ளே வரும் காற்றுக்குத் தரும் வசதி ஏற்கெனவே இருந்தால் 58. இந்த எண்ணைப் பார்த்ததும் விசிறியை முழுதாக அணைத்துவிடத் தோன்றும். பின்லாந்துப் பள்ளிகளில் ஈரப்பதமும் பூஞ்சையும் உள்காற்றைக் கெடுப்பது பெற்றோர்கள் கொதித்தெழும் விஷயம். குழந்தைகளின் மூச்சு சம்பந்தப்பட்டது. உள்ளே வரும் காற்றை நிறுத்திவிட்டு கழிப்பறை விசிறி மட்டும் ஓடினால், கட்டடம் சுவர் இடுக்குகள் வழியாகக் காற்றை உறிஞ்சும், இடுக்கில் உள்ள பூஞ்சையும் வகுப்பறைக்கு வரும். ஆகவே காற்றை உள்ளே தள்ளும் விசிறி, வெளியேற்றும் விசிறி இரண்டையும் சேர்த்தே குறையுங்கள், அணைக்காமல் வேகத்தைக் குறையுங்கள், பிள்ளைகள் வருவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே பழைய வேகத்துக்குக் கொண்டுவாருங்கள், அழுத்த வித்தியாசத்தை அளந்து பாருங்கள். வேகத்தை 80 சதவீதமாக்கினாலே விசிறியின் மின்சாரம் ஏறத்தாழ பாதியாகும். அந்தப் பாதி போதும். மீதிக்காகக் குழந்தைகளின் உடல்நலத்தைப் பணயம் வைக்க வேண்டாம்.

ஐஸ் ஹாக்கி அரங்கம் உள்ள ஊர் என்றால், குளிரூட்டும் கம்ப்ரஸர் வெளியே தள்ளும் சூட்டைக் குளியலறை வெந்நீருக்கும் பனித்தளத்தில் ஊற்றும் நீருக்கும் திருப்பிவிடுங்கள். பனிக்கட்டியின் தடிமனையும் அளந்து பாருங்கள். 3 சென்டிமீட்டர் போதுமான இடத்தில் 5 ஆகியிருக்கும்.

பணம்

ஒப்பந்தத்தில் சேர்வதால் கிடைக்கும் நேரடிப் பலன் இது. சந்தையில் வழக்கத்தில் உள்ள தொழில்நுட்பத்தை வைத்துச் செய்யும் சிக்கன முதலீடுகளுக்கு, அரசின் நிதியுதவி அமைப்பான பிசினஸ் பின்லாந்து தரும் எரிசக்தி உதவித்தொகையில் ஒப்பந்த உறுப்பினர்களுக்குத்தான் முன்னுரிமை. சிறு, நடுத்தர நிறுவனங்களும் நகராட்சிகளும் தணிக்கைச் செலவுக்கும் உதவி கேட்கலாம். சதவீதங்கள் மாறிக்கொண்டே இருக்கும். விண்ணப்பிக்கும் மாதத்தில் உள்ள விதியைப் பாருங்கள்.

மாறாத விதி ஒன்று உண்டு: விண்ணப்பம் போகும் முன் வேலையைத் தொடங்கக் கூடாது. 'தொடங்குவது' என்றால் கம்பியை இழுப்பது என்று நினைத்துவிடாதீர்கள். சப்ளையருக்குக் கட்டுப்படுத்தும் ஆர்டர் கொடுத்தாலே தொடங்கியதாகிவிடும். கொள்முதல் பிரிவு தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு ஒரு வாரம் முன்னால் கையெழுத்துப் போட்டதால் முழு உதவித்தொகையும் கைவிட்டுப் போகலாம். கொள்முதல் அதிகாரியிடம் இதை எழுத்தில் கொடுத்து வையுங்கள்.

மற்ற நாடுகளின் பரிசு வேறுவிதம். பிரிட்டனில் 2001 முதல் பருவநிலை ஒப்பந்தத்தில் உள்ள தொழில்களுக்கு வரித் தள்ளுபடி. நெதர்லாந்தின் 1992-ஆம் ஆண்டு நீண்டகால ஒப்பந்தங்கள், 1989-ஐ அடிப்படையாக வைத்து 2000-க்குள் 20 சதவீதத் திறன் உயர்வு கேட்டன. அந்த இலக்கைத் தொழில்துறை தாண்டியது. இந்தியாவின் 'பாட்' திட்டத்தை இதோடு குழப்ப வேண்டாம். அது சட்டப்படி பெரிய ஆலைகளுக்கு விதிக்கப்பட்ட கட்டாய இலக்கு.

அறிக்கை

மோட்டிவாவின் இணையக் கணக்கில் இரண்டு பகுதிகளை நிரப்ப வேண்டும்: போன ஆண்டு மொத்தப் பயன்பாடு, செய்த வேலைகளின் பட்டியல். ஒவ்வொரு வேலைக்கும் ஆண்டுச் சேமிப்பை மின்சாரம், வெப்பம், எரிபொருள் என்று பிரித்து, முதலீட்டு யூரோவோடு எழுதுங்கள். நிலை நான்கில் ஒன்றாக இருக்கும்: செய்து முடித்தது, முடிவெடுத்தது, பரிசீலனையில், செய்யப்போவதில்லை. முடித்தவை மட்டுமே இலக்குக்குச் சேரும். 'பரிசீலனையில்' என்று ஆறு ஆண்டுகளாகக் கிடக்கும் வரிகளைக் கண்டால் மேலாளரிடம் கொண்டுபோய் ஒரு முடிவு வாங்குங்கள்.

இரட்டைக் கணக்கு இங்கேதான் நுழையும். விசிறியின் வேகத்தைக் குறைத்து ஓடும் நேரத்தையும் குறைத்திருந்தால், இரண்டின் சேமிப்பையும் பழைய பயன்பாட்டிலிருந்து தனித்தனியாகக் கழிக்கக் கூடாது. முதலாவது முடிந்தபின் மிஞ்சியதிலிருந்துதான் இரண்டாவதைக் கழிக்க வேண்டும். சட்டம் எப்படியும் கேட்கும் குறைந்தபட்சத் தரத்தை எட்டியதை மட்டும் கூடுதல் சேமிப்பு என்று நெறியாணை ஏற்பதில்லை. ஆகவே எந்தப் பழைய நிலையோடு ஒப்பிட்டீர்கள் என்பதை ஒவ்வொரு வரிக்கும் குறித்து வையுங்கள்.

அறிக்கையை ஜனவரி முதல் வாரத்திலேயே தொடங்குங்கள். டிசம்பர் பில்கள் வந்து சேர நாளாகும். கிளைகளில் உள்ளவர்கள் பதில் தர அதைவிட நாளாகும். அனுப்பியதும் அதை ஆண்டுவாரியாகச் சேமித்து, பின்னால் இருக்கும் கணக்குத் தாள்கள், மீட்டர் எண்கள், கசிவுச் சோதனை நடந்த தேதிகள், தெருவிளக்குப் பில் நகல் எல்லாவற்றையும் ஒரே கோப்புறையில் போடுங்கள். நீங்கள் வேலை மாறும் நாளில் அந்தக் கோப்புறை இருக்கும் இடத்தை அடுத்தவருக்குக் காட்டிவிட்டு, பொறுப்பாளர் பெயரையும் மின்னஞ்சலையும் மோட்டிவாவில் மாற்றிவிட்டுப் போங்கள். இல்லையென்றால் அடுத்த பிப்ரவரி நினைவூட்டல் யாரும் திறக்காத உங்கள் பழைய மின்னஞ்சலுக்குத்தான் போகும்.